போர் விமானமும் ஜி கணக்கும்

போர் விமானி என்றாலே படங்களில் பல்லைக் கடித்துக்கொண்டு கைப்பிடியை இழுப்பவர்தான் நினைவுக்கு வருவார். எவ்வளவு இழுக்கிறாரோ அவ்வளவு வீரன்! ஆனால் அந்த இழுப்புக்கு ஒரு கணக்கு உண்டு. அதை விமானி மறந்தாலும் விமானம் மறப்பதில்லை.

9 ஜி என்றால் எடை ஒன்பது மடங்கு. 70 கிலோ ஆள் 630 கிலோவாகிவிடுவார். ரத்தம் காலுக்கு இறங்கும், கண் இருளும், சமயத்தில் நினைவே போகும். இதைப் பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள். விமானத்தின் நிலைமையை எழுதுகிறவர்கள்தான் குறைவு. 10 டன் விமானம் 9 ஜி-யில் திரும்பினால் அதன் இறக்கைகள் 90 டன்னைத் தூக்க வேண்டும். யோசித்துப் பாருங்கள்!

பொறியாளர்கள் வழக்கமாக வரம்பைப் போல ஒன்றரை மடங்கு சுமையை உடையாமல் தாங்கும்படிதான் வடிவமைக்கிறார்கள். "அப்படியென்றால் 9 ஜி விமானத்தில் 10 இழுத்தால் என்ன?" என்று கேட்கத் தோன்றும். ஆபத்தே இந்தக் கேள்வியில்தான். உடையாது என்பது வேறு, கெடாது என்பது வேறு. வரம்பைத் தாண்டினால் உலோகம் நிரந்தரமாக வளையலாம், ஆணித்துளையில் மயிரிழை விரிசல் விழலாம். வெளியே ஒன்றும் தெரியாது. அந்த வரம்பும் ஒரே எண் அல்ல. குண்டுகளைச் சுமந்தால் குறையும், உருண்டுகொண்டே இழுத்தால் இன்னும் குறையும்.

எஃப்-15 விமானத்தில் முதலில் வரம்பு 7.33 ஜி-யாக இருந்தது. பிறகு எடை, வேகம், சுமை எல்லாவற்றையும் பார்த்துக் கணக்கிட்டு, ஒலி எழுப்பி எச்சரிக்கும் கருவி வந்தது; 9 ஜி வரை அனுமதித்தார்கள். எஃப்-16-இல் கணினியே 9-க்கு மேல் விடாமல் பிடித்துக்கொள்ளும். எஃப்/ஏ-18-இலும் கணினி தடுக்கும், ஆனால் கைப்பிடியில் உள்ள விசையை அழுத்தினால் கூடுதலாக இழுக்கலாம். தரையில் மோதுவதை விட விமானம் வளைவது மேல் என்ற நியாயம்தான். சரியான நியாயமும்கூட.

பிரச்சினை தரையிறங்கிய பிறகு வருகிறது. பழைய ஜி-மீட்டரில் ஒரு முள், தொட்ட உச்ச அளவிலேயே நின்றுவிடும். பக்கத்தில் ஒரு குமிழ் இருக்கும். அழுத்தினால் முள் பழைய இடத்துக்கு வந்துவிடும், சாட்சி போயே போச்சு! சொன்னால் விமானத்தைப் பிரித்துப் பார்ப்பார்கள், பறத்தல் ரத்தாகும், மேலதிகாரி கேள்வி கேட்பார். சொல்லாவிட்டால்? நாளை அதில் ஏறப்போவது வேறொருவர்.

இது வெறும் பயமுறுத்தல் அல்ல. 2007 நவம்பர் 2 அன்று அமெரிக்காவின் மிசௌரியில் பயிற்சிச் சண்டையில் இருந்த ஒரு எஃப்-15சி, வானத்திலேயே இரண்டாக முறிந்தது. விமானி காயத்தோடு குதித்துத் தப்பினார். அவர் எந்த வரம்பையும் மீறவில்லை. விமானி அறையை ஒட்டி நீளவாக்கில் ஓடும் ஒரு உலோகச் சட்டம், வரைபடத்தில் சொன்ன தடிமனில் செய்யப்படவில்லை. பல வருடங்களாக அதில் விரிசல் வளர்ந்திருக்கிறது. அதுவரை அதை ஓட்டிய யாருக்கும் தெரியாது. வரம்புக்குள் பறந்தே இந்தக் கதி என்றால், மீறியதை மறைத்து வைத்த விமானத்தை என்னவென்று சொல்வது?

அதனால் மீறியதை ஒப்புக்கொள்ளும் விமானியைத் தண்டிக்கிற படைப்பிரிவு தன் தலையில் தானே மண்ணைப் போட்டுக்கொள்கிறது. வேண்டுமென்றே வித்தை காட்டியவரைத் தண்டிக்கட்டும், அது வேறு. சண்டைப் பயிற்சியில் கை ஒரு நொடி கூடுதலாக இழுத்துவிட்டால், அந்தத் தகவல் பழுதுபார்க்கிறவர்களுக்குப் போனால் போதும். இப்போது கணினியே எல்லாவற்றையும் பதிந்து வைக்கிறது, குமிழை அழுத்தித் தப்பிக்க முடியாதே என்பார்கள். உண்மைதான். ஆனால் எத்தனையோ நாடுகளில் முப்பது நாற்பது வயது விமானங்கள் இன்னும் பறக்கின்றன. அவற்றில் பலவற்றின் பழைய கணக்கு, அன்றைய விமானிகள் வாய்திறந்து சொன்ன அளவுக்குத்தான் இருக்கிறது.