கோட்டைக்கு ஒரு மணி

அமெரிக்காவில் ஃபிலடெல்ஃபியா நகரத்தில் விரிசல் விட்ட பழைய மணி ஒன்றைப் பொக்கிஷம்போல வைத்திருக்கிறார்கள். எடை 940 கிலோவுக்கு மேல். 1752இல் லண்டனிலிருந்து வந்தது. முதலில் அடித்துப் பார்த்தபோதே உடைந்துவிட, உள்ளூர்க்காரர்கள் இருவர் உருக்கி மறுபடி வார்த்தார்கள். 1776 ஜூலை 4 அன்று சுதந்திரத்தை அறிவித்து அது முழங்கியது என்பது, 1847இல் ஒரு கதாசிரியர் கட்டிவிட்ட கதை. ‘விடுதலை மணி’ என்ற பெயரைப் பிரபலமாக்கியவர்கள், 1830களில் அடிமை முறையை எதிர்த்தவர்கள். எல்லோருக்கும் விடுதலை என்று மணியின்மேல் பைபிள் வாசகம் இருக்கிறதே, அடிமைகளுக்கு எங்கே என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி.

அவர்களிடம் இருப்பது பாதி கதை. நம்மிடம் நடந்ததே இருக்கிறது.

பாகாயத்தில் காட்பாடி பஸ் ஏறினால் கோட்டையில் இறங்கலாம். 1806 ஜூலை 10, விடியுமுன் அங்கேதான் சிப்பாய்கள் எழுந்தார்கள். நெற்றியில் குறி கூடாது, தாடி கூடாது, கடுக்கன் கூடாது என்று உத்தரவு. போதாததற்குத் தோல் குஞ்சம் வைத்த புதுத் தலைப்பாகை. மாட்டுத் தோலா, பன்றித் தோலா என்ற சந்தேகம் என்ன செய்யும் என்று தோல் வியாபாரம் பார்த்த நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லவேண்டாம். இந்துவும் முஸ்லிமும் சேர்ந்தே எழுந்தார்கள். திப்புவின் கொடி ஏறியது. ஆற்காட்டிலிருந்து கில்லெஸ்பியின் குதிரைப்படை வந்து அன்றைக்கே அடக்கியது. மாண்ட சிப்பாய்கள் நூற்றுக்கணக்கில். 1857க்கு 51 ஆண்டு முன்பு!

தலைப்பாகைக்காக நடந்த கலகத்தை விடுதலைப் போர் என்பதா என்று கேட்பவர்கள் உண்டு. அந்த மணிகூட விடுதலைக்காக வார்க்கப்பட்டதல்ல, அரசாங்கக் கட்டடத்துக்காக வார்த்தது. அர்த்தம் கொடுத்தது பின்னால் வந்த ஜனங்கள்.

நாம் என்ன கொடுத்தோம்? மக்கான் அருகே ஒரு தூண், 2006இல் ஒரு தபால்தலை. ஜூலை 10 அன்று மலர்வளையம், மறுநாள் பேப்பரில் படம். தூணைத் தாண்டிப் போகிற பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள்.

என் யோசனை, நமக்கும் ஒரு மணி வேண்டும். புதிதாக வார்க்க வேண்டாம். டெண்டர், திறப்பு விழா, கல்வெட்டில் யார் பெயர் முதலில் என்ற சண்டை, அதெல்லாம் எதற்கு? பள்ளிக்கூட மணி போதும். நாம் படித்த காலத்தில் தண்டவாளத் துண்டுதானே மணி! ஜூலை 10 காலை பிரேயரில் எல்லாப் பள்ளியிலும் ஒரு நிமிஷம் அடிக்கட்டும். ஏன் அடித்தோம் என்று வாத்தியார் ஐந்து நிமிஷம் சொல்லட்டும். ஆம்பூர், வாணியம்பாடி 2019இல் வேறு மாவட்டத்துக்குப் போய்விட்டாலும் அங்கேயும் அடிக்கலாம்.

தெரிந்த தலைமை ஆசிரியர் ஒருவரிடம் சொன்னேன். மேலிடத்து உத்தரவு வந்தால் செய்யலாம் சார் என்கிறார். தினம் எட்டுத் தடவை அடிக்கிற மணிக்கு எந்த உத்தரவு வந்தது?