நாற்பத்தாறில் ஒன்பது

சீட்டாடித் தோற்றவரிடம் மாட்டிக்கொள்வதைவிட, புதுசாகப் பேரன் பிறந்த தாத்தாவிடம் மாட்டிக்கொள்வது மேல். தாத்தா போட்டோ காட்டிவிட்டு விட்டுவிடுவார். தோற்றவர் ஒவ்வொரு சீட்டாக விவரிப்பார்.

சமீபத்தில் மின்சார ரயிலில் அப்படி ஒருவர் கிடைத்தார். ஐ.டி. கம்பெனி, வயசு 27, கல்யாணத்துக்குப் பெண் பார்க்கிறார்கள். 2024-ல் ஆன்லைன் போக்கரில் விட்ட ஒரு கையைத் தாம்பரத்தில் ஆரம்பித்தார். பார்க் ஸ்டேஷன் வரும்போதுதான் கடைசிச் சீட்டு விழுந்தது. "ஒரே ஒரு ஆட்டின் வந்திருந்தா மொத்தமும் என்னுது ஸார்! நான் ஆடினது சரியா, தப்பா?"

நல்ல கேள்வி. பதில் இரண்டு பாகம்.

ரம்மி மட்டும் தெரிந்தவர்களுக்கு ஒரு நிமிஷ போக்கர் பாடம். ஆளுக்கு 2 சீட்டு மூடி வரும். மேஜையில் பொதுவாக முதலில் 3, அப்புறம் 1, கடைசியாக 1 என்று மொத்தம் 5 சீட்டு திறந்து விழும். ஏழில் சிறந்த ஐந்து உங்கள் கை. ஒவ்வொரு கட்டத்திலும் பந்தயம். கட்டலாம், ஏற்றலாம், அல்லது ரம்மியில் ஸ்கூட் விடுகிற மாதிரி சீட்டை மடக்கி வைத்துவிடலாம். 'கேஷ் கேம்' என்றால் முன்னால் இருக்கும் வில்லைகள் அத்தனையும் நிஜ ரூபாய். எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொண்டு எழுந்து போகலாம். (யாரும் போவதில்லை.)

நம்மவர் கையில் ஆட்டின் ஏஸ், ஆட்டின் ஜாக்கி. மேஜையில் ஆட்டின் ராஜா, ஆட்டின் 7, கிளாவர் 2, நாலாவதாக ஸ்பேடு 4. ஆக அவரிடம் நாலு ஆட்டின். இன்னும் ஒன்று விழுந்தால் ஒரே ஜாதியில் ஐந்து (ஜாதி பார்ப்பது சீட்டில் மட்டும்தான் நியாயம்), அதுவும் ஏஸ் தலைமையில். நடுவில் 600 ரூபாய். எதிராளி 300 கட்டுகிறார். நம்மவர் யோசிக்காமல் 300 போட்டார். கடைசிச் சீட்டு ஸ்பேடு 9. போச்சு.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். ஆடியது சரியா என்பதற்கும் ஸ்பேடு 9 விழுந்ததற்கும் சம்பந்தமே கிடையாது. ஹெல்மெட் இல்லாமல் கிண்டிவரை போய்ப் பத்திரமாகத் திரும்பினால் அது நல்ல முடிவாகிவிடுமா? 300 ரூபாயை வைக்கும்போது அவருக்கு என்ன தெரியும், அதை வைத்து என்ன கணக்குப் போட்டார், அவ்வளவுதான் கேள்வி.

கணக்கு சுலபம். 52 சீட்டில் அவர் பார்த்தது 6. பார்க்காதது 46. அதில் ஆட்டின் 9. ஆக 46-ல் 9, அதாவது 20 சதவீதத்துக்குக் கொஞ்சம் கம்மி. (மனக்கணக்குக்குக் குறுக்கு வழி: ஒரு சீட்டு பாக்கி என்றால் வேண்டிய சீட்டுகளை இரண்டால் பெருக்குங்கள். கிட்டத்தட்ட வந்துவிடும்.) அவர் கொடுக்கும் விலை 300. ஜெயித்தால் நடுவில் உள்ள 600-ம், எதிராளியின் 300-ம் சேர்ந்து 900. தன் 300-ஐயும் சேர்த்தால் 1,200-ல் 300, அதாவது கால் பங்கு. 25 சதவீத விலை கொடுத்து 20 சதவீத வாய்ப்பு வாங்குகிறார். இதே கையை 46 தடவை ஆடினால் 9 தடவை 900 வரும், 37 தடவை 300 போகும். மொத்தம் 3,000 நஷ்டம். கைக்கு 65 ரூபாய்.

"ஏஸ் வந்தாலும் நான் ஜெயிப்பேனே ஸார்?"

சபாஷ், இங்கேதான் ஆட்டம் ஆரம்பிக்கிறது. எதிராளியிடம் ராஜா, ராணி என்றால் மீதமுள்ள 3 ஏஸும் நமக்குத்தான். 12 சீட்டு, 26 சதவீதம், கைக்கு 13 ரூபாய் லாபம். அவரிடமே ஏஸ், ராஜா இருந்தால் ஏஸ் விழுந்தும் பிரயோஜனமில்லை. பழையபடி 9. அவரிடம் இரண்டு ஏழு இருந்து, மேஜையில் உள்ளதோடு மூன்றாகியிருந்தால் இன்னும் மோசம். ஆட்டின் 2, ஆட்டின் 4 இரண்டுமே மேஜையில் ஜோடி சேர்த்து அவருக்குப் பெரிய கையைக் கொடுத்துவிடும். 9 என்று நினைத்தது 7 ஆகிவிடும். அதே சீட்டு, அதே 300 ரூபாய். ஆனால் பதில், எதிரே இருப்பவர் கையைப் பொறுத்து மாறுகிறது. நல்ல ஆட்டக்காரன் தன் கையைப் பார்ப்பது ஒரு வினாடி. மீதி நேரமெல்லாம் எதிராளியின் கையைத்தான் 'பார்க்கிறான்'. ஆன்லைனில் முகம் தெரியாது என்பதால், எவ்வளவு கட்டுகிறார், எத்தனை யோசித்துக் கட்டுகிறார் என்பதுதான் முகம்.

இன்னொன்று: ஆட்டின் விழுந்த பிறகும் எதிராளி பணம் கட்டுவாரா? விழும் ஒவ்வொரு தடவையும் சராசரியாக இன்னொரு 333 ரூபாய் அவரிடம் கறக்க முடிந்தால், அந்த 3,000 நஷ்டம் நேராகிவிடும். விடாக்கண்டர் என்றால் கொடுப்பார். மூன்று ஆட்டினைப் பார்த்ததும் மடக்கி வைக்கிற ஜாக்கிரதைக்காரர் என்றால் கொடுக்கமாட்டார்.

ஆக முதல் பாக பதில்: எதிராளி விடாக்கண்டர் என்று தெரிந்து போட்டிருந்தால் சரி. தெரியாமல் போட்டிருந்தால் 65 ரூபாய் தப்பு. கடைசியில் போனது 300 என்றாலும் தப்பின் விலை 65-தான். இந்த வித்தியாசம் புரிந்தவர்களுக்கு போக்கர் புரிந்துவிட்டது.

இரண்டாம் பாகம் கொஞ்சம் கசக்கும்.

இந்த ஆட்டத்துக்கு இத்தனை பேர் வந்ததற்கு ஒரு அக்கவுண்டன்ட் காரணம். அமெரிக்காவில் டென்னஸி மாநிலத்துக்காரர். பெயர் கிறிஸ் மணிமேக்கர். (சத்தியமாக அதுதான் பெயர்.) ஆன்லைனில் 86 டாலர் கட்டி ஒரு தகுதிப் போட்டியில் ஜெயித்து, 2003-ல் லாஸ் வேகஸ் உலகப் போட்டிக்குப் போய், 25 லட்சம் டாலரோடு திரும்பினார். அந்த வருஷம் பிரதானப் போட்டியில் 839 பேர். 2006-ல் 8,773 பேர். உலகமெங்கும் ஆபீஸில் லெட்ஜர் எழுதிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் 'அவனும் நம்மளை மாதிரிதானே' என்று நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். மீதி 838 பேரின் பெயர் யாருக்கும் ஞாபகமில்லை.

அது போட்டி ஆட்டம். கேஷ் கேமில் இன்னொருவர் உண்டு. நாற்காலி கிடையாது, சீட்டு கிடையாது, தோற்பதும் கிடையாது. மேஜை போட்டவர். ஒவ்வொரு கையிலும் நடுவில் சேரும் பணத்தில் ஒரு பங்கு அவருக்குக் கமிஷன். 'ரேக்' என்று பெயர். ஒரு கணக்குப் போடுவோம். ஆறு பேர், ஆளுக்கு 1,000, மேஜையில் மொத்தம் 6,000. ஆன்லைனில் ஆட்டம் வேகம், மணிக்கு 60 கை என்று வைத்துக்கொள்ளுங்கள். கைக்குச் சராசரி 100 ரூபாய் சேர்ந்து, கமிஷன் 5 சதவீதம் என்றால், மணிக்கு 300. இருபது மணி நேரத்தில் 6,000! மேஜையிலிருந்த மொத்தப் பணமும் காலி. ஆறு பேரும் ஒருவரையொருவர் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

நிஜத்தில் காலியாவதில்லை, ஏனென்றால் சம்பளத் தேதியில் யாராவது புதுப் பணம் போடுகிறார்கள். இதற்கு மேல் 2023 ஏப்ரலிலிருந்து நிகர ஜெயிப்பில் 30 சதவீதம் வரிப் பிடித்தம், அக்டோபரிலிருந்து கட்டும் பணத்துக்கு 28 சதவீதம் ஜி.எஸ்.டி. வேறு இருந்தது. மற்ற ஐந்து பேரைவிடக் கெட்டிக்காரராக இருந்தால் போதாது. இத்தனையையும் கட்டிவிட்டு மிச்சம் வைக்கும் அளவுக்குக் கெட்டிக்காரராக இருக்க வேண்டும்.

"நான் கெட்டிக்காரன்தான் ஸார். மூணு மாசம் ஜெயிச்சேன்."

இந்த 'மூணு மாசம்'தான் பொல்லாதது. நிஜமாகவே நல்ல ஆட்டக்காரர் ஒருவர், 100 கைக்கு 5 'பிக் பிளைண்ட்' (கட்டாயப் பந்தயத்தின் பெயர்) வீதம் ஜெயிக்கக்கூடியவர் என்று வையுங்கள். ஏற்ற இறக்கம் 100 கைக்குச் சுமார் 90. புள்ளியியல் பாஷையில் திட்ட விலக்கம். அவர் 10,000 கை ஆடினால் எதிர்பார்க்கும் லாபம் 500, ஏற்ற இறக்கமோ 900. அப்படிப்பட்டவர்கள் பத்துப் பேரில் சுமார் மூன்று பேர் 10,000 கைக்குப் பிறகும் நஷ்டத்தில் இருப்பார்கள். திருப்பிப் போட்டால்: சுமாராக ஆடுகிறவரும் மாதக்கணக்கில் லாபத்தில் இருக்கலாம், தன்னை மேதை என்று நம்பலாம், வேலையை விடலாமா என்று யோசிக்கலாம், பர்சனல் லோன் எடுக்கலாம். கிரிக்கெட்டில் முதல் பந்தில் அவுட்டானால் ஸ்கோர்போர்டு உண்மை சொல்லிவிடும். இங்கே ஸ்கோர்போர்டு மாதக்கணக்கில் பொய் சொல்லும்.

எதிரே உட்கார்ந்திருப்பது மனுஷன்தானா என்பது அடுத்த சந்தேகம். 2019-ல் ஃபேஸ்புக்கும் கார்னகி மெலன் பல்கலைக்கழகமும் சேர்ந்து செய்த 'ப்ளூரிபஸ்' என்ற புரோகிராம், ஆறு பேர் மேஜையில் முன்னணித் தொழில்முறை ஆட்டக்காரர்களை ஜெயித்தது. அதைப் பழக்க ஆன கம்ப்யூட்டர் செலவு 150 டாலருக்கும் குறைவு என்றார்கள். அதற்கும் முன்பே, 2007-ல் 'அப்சல்யூட் போக்கர்' என்ற வெளிநாட்டு ஸைட்டில், மற்றவர்களின் மூடிய சீட்டைப் பார்த்தே ஆடிய கணக்கு ஒன்று அம்பலமானது. கண்டுபிடித்தவர்கள் ஆட்டக்காரர்களே, பழைய கைகளை ஒவ்வொன்றாக அலசி. இப்படிக்கூட ஜெயிக்க முடியுமா என்று கேட்டார்கள். முடியாது என்றது கணக்கு.

நம் ஊரில் கோர்ட்டில் நடந்தது வேறு பட்டிமன்றம்: திறமையா, அதிர்ஷ்டமா? 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டம், தமிழக அரசின் தடை அவற்றுக்குச் செல்லாது என்றது. 2025-ல் தமிழக விதிகள் வந்தன, நள்ளிரவு முதல் காலை 5 மணிவரை கடை அடைப்பு. அதே வருஷம் ஆகஸ்டில் பாராளுமன்றம், திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டமே கூடாது என்று சட்டம் நிறைவேற்றிப் பட்டிமன்றத்தைக் கலைத்தது.

என்னைக் கேட்டால் அது திறமை ஆட்டம்தான். அதனால்தான் ஆபத்து. முழு அதிர்ஷ்டம் என்றால் லாட்டரிச் சீட்டு மாதிரி, தோற்றால் தலையெழுத்து என்று போய்விடுவோம். திறமை என்று சொல்லிவிட்டால் தோற்றவன் போகமாட்டான். இன்னும் நன்றாக ஆடக் கற்றுக்கொண்டால் விட்டதைப் பிடிக்கலாம் என்று ராத்திரி ரெண்டு மணிக்கும் உட்கார்ந்திருப்பான். போக்கர்காரர்கள் இந்த நிலைக்கு 'டில்ட்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அந்த நேரத்தில் 46-ல் 9 என்பது 46-ல் 40 மாதிரி தெரியும்.

கற்ற கணக்கு வீண் போகாது. ஷேர் மார்க்கெட்டில் ஆப்ஷன் பக்கம் போகுமுன் ஒரு தடவை போட்டுப் பாருங்கள். 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன்ஸில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம் என்று செபி ஆய்வு சொன்னது. அங்கேயும் ஒவ்வொரு கைக்கும் கமிஷன் உண்டு.

என்ன விலை, என்ன வாய்ப்பு, எதிரே யார், மேஜை யாருடையது: இந்த நாலு கேள்விக்கும் பதில் தெரியாவிட்டால் சீட்டை மடக்கி வைத்துவிட்டு எழுந்திருங்கள். உலகத்தில் எந்த மேஜையிலும், எழுந்து போவதற்கு மட்டும் கமிஷன் கிடையாது.