புனிதரும் வேலைக்குப் போனவர்தான்!

புனிதர் என்றாலே அங்கி போட்ட சாமியார்தான் என்று நினைக்கிறோம். 2022 மே 15-ல் புனிதரான தேவசகாயம் அப்படியில்லை. மனைவி உண்டு, திருவிதாங்கூர் அரசில் வேலையும் உண்டு. 1745-ல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றார். அப்புறம் சாதி பார்க்காமல் எல்லோரோடும் பழகினார். 1752-ல் ஆரல்வாய்மொழியில் சுட்டுக் கொன்றுவிட்டார்கள்.

வேடிக்கையைப் பாருங்கள், அதே வடக்கன்குளத்தில் பின்னாளில் சாதிக்கொரு பக்கமாகக் கோயில் கட்டி, நடுவில் சுவரும் வைத்தார்கள்! 1910-ல்தான் அதை இடித்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போவது ஈஸி. என்னைக் கேட்டால், திங்கட்கிழமை ஆபீஸில் டிபன் பாக்ஸ் திறக்கும்போதும், வீட்டில் கல்யாணப் பேச்சு எடுக்கும்போதும்தான் விசுவாசம் தெரியும். நம்ம வேப்பம்பட்டில் கல்யாணப் பத்திரிகை அடிக்கிறவங்களே, பெயருக்குப் பின்னால் சாதி எதுக்கு? தேவசகாயம் பெயரிலிருந்த சாதிப் பட்டத்தை வாடிகனே எடுத்துவிட்டதே!