காலிலே செம்புள்ளி

முழங்காலுக்குக் கீழே கடுகு சிந்தினாற்போல் செந்நிறப் புள்ளிகள். விரலால் அழுத்தினாலும் மறைவதில்லை. கூடவே மூட்டுவலி, ஓயாத களைப்பு. புள்ளிக்குக் களிம்பு, வலிக்குத் தைலம், களைப்புக்கு டானிக் என்று மூன்று கடை ஏறி இறங்குகிறோம். மூன்றும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவையோ என்ற ஐயம் நமக்கு எழுவதில்லை. 1966-ம் வருஷத்தில் மெல்ட்ஸர், பிராங்க்ளின் முதலிய வைத்தியர்கள் இம்மூன்றையும் ஒருங்கே கண்டு ஒரே வியாதியென்று எழுதினார்கள்.

இந்நோயாளிகளின் இரத்தத்தில் விசித்திரமான புரதமொன்று இருக்கிறது. மார்கழிக் காலையில் தேங்காயெண்ணெய் புட்டியிலே உறைந்து நிற்பதையும், வெயில் பட்டதும் இளகுவதையும் நேயர்கள் அறிவார்கள். இப்புரதத்தின் சுபாவமும் ஏறக்குறைய அதுவே. தேகச் சூடான 37 டிகிரிக்குக் கீழே குளிர்ந்தால் திரிந்து படிகிறது; சூடேறினால் மறுபடி கரைகிறது. கிரையோகுளோபுலின் என்று இதற்குப் பெயர். நுண்ணிய இரத்தக்குழாய்களில் இது தங்கி, குழாய்ச் சுவரை அழற்றுகிறது. காலில் அது புள்ளி, நரம்பில் மரமரப்பு, சிறுநீரகத்திலோ, வடிகட்டி பழுதாகிப் புரதமும் இரத்தமும் சிறுநீரில் ஒழுகுகின்றன. காலிலுள்ளது கண்ணுக்குத் தெரிகிறது, சிறுநீரகத்திலுள்ளது தெரிவதில்லை. அபாயமெல்லாம் அங்கேதான்.

மூலகாரணம் வெகுகாலம் விளங்கவில்லை. 1989-ல் ஹெபடைடிஸ் ஸி என்னும் கல்லீரல் வைரஸைக் கண்டுபிடித்தார்கள். பிறகு இந்நோயாளிகளின் இரத்தத்தைச் சோதித்தால், பெரும்பாலோரிடம் அவ்வைரஸ் குடியிருந்தது!

பரிசோதனையில் ஒரு சங்கடம் உண்டு. இரத்தத்தைச் சூடாக்கிய குழாயில் எடுத்து, உறையும் வரையில் 37 டிகிரியிலேயே வைத்து, தெளிந்த நீரைப் பிரித்த பின்னர்தான் 4 டிகிரிக் குளிரில் சில நாள், சமயத்தில் ஒரு வாரம், வைத்துப் பார்க்க வேண்டும். மின்விசிறியின் கீழே மேஜைமேல் கிடந்தாலோ, பனிக்கட்டிப் பெட்டியில் பிரயாணம் செய்தாலோ, புரதம் உறைகட்டியோடு படிந்து குப்பைக்குப் போய்விடும். “இல்லை” என்று சீட்டு வரும். அச்சீட்டை மட்டும் நம்புவது தகாது. சி4 என்னும் இரத்தப் பொருள் குறைந்திருப்பது நல்ல துப்பு. ருமடாய்டு காரணி இவர்களில் அநேகருக்கு மிகுந்திருக்கும். அதைக் கண்டு முடக்குவாதம் என்று முடிவு கட்டிவிடுவதும் நடக்கிறது. சிறுநீர்ப் பரிசோதனைக்கு அதிகச் செலவில்லை. அதில் பழுது தெரிந்தால், சிறுநீரகத் திசுவைச் சிறிது எடுத்துப் பார்ப்பார்கள்.

சிகிச்சையிலோ பெரிய மாறுதல் வந்திருக்கிறது. முன்னே மாதக்கணக்கில் இன்டர்பெரான் ஊசி. காய்ச்சலும் சோர்வும் அதன் பரிசு. 2013-க்குப் பின் வந்த மாத்திரைகள் பெரும்பாலும் 12 வாரத்தில், 100 பேரில் 95 பேருக்கு மேல் ஸி வைரஸை ஒழித்துவிடுகின்றன. சிறுநீரகம் தீவிரமாக அழன்றிருந்தால் ஸ்டீராய்டு, ரிடுக்ஸிமாப் ஆகியவற்றைக் கொண்டு முதலில் அதைத் தணிக்க வேண்டியிருக்கும். வைரஸ் ஒழிந்த பின்னும் சிலருக்கு அழற்சி நீடிப்பதுண்டு; தழும்பேறிய வடிகட்டியோ திரும்புவதில்லை.

ஹெபடைடிஸ் பி வைரஸ் வேறொரு வழியில் தாக்குகிறது. நடுத்தரக் குழாய்கள் புண்பட்டு, இரத்த அழுத்தம் ஏறி, வயிற்றுவலியும் வரலாம். இதற்குப் பாலிஆர்ட்டிரைட்டிஸ் நொடோஸா என்பார்கள். இங்கே ஸ்டீராய்டை மட்டும் நெடுநாள் கொடுத்தால் வைரஸ் செழித்து வளரும். ஆகவே வைரஸ் மருந்தும் கூடவே செல்ல வேண்டும். ஸி-க்கு மருந்து தொடங்குமுன் பி-யையும் சோதிப்பது அவசியம். ஒன்று ஒழியும்போது, உறங்கும் மற்றொன்று விழித்துக்கொள்வதுண்டு.

இவ்விரண்டு வைரஸ்களும் இரத்தத்தின் வழியாகவும், சுத்தமற்ற ஊசியாலும் பரவுபவை. பி, பிரசவத்தில் தாயிடமிருந்து சேய்க்கும் செல்லும். சேர்ந்து உண்பதால் தொற்றுவதில்லை. நோயாளியின் தட்டைத் தனியே ஒதுக்கும் மாமியார்மார் இதைக் கவனிப்பார்களாக. பி-க்குத் தடுப்பூசி உண்டு, ஸி-க்கு இல்லை. இந்திய சர்க்கார் 2018 ஜூலை 28-ல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில், இரண்டுக்கும் பரிசோதனையும் மருந்தும் இலவசம்.