செஸ்னா 172: மெதுவாகப் பறப்பது குற்றமா?

செஸ்னா 172 என்றாலே வேகப் பிரியர்களுக்கு இளக்காரம்தான். பழைய டிசைன், ஆமை வேகம், பயிற்சிப் பள்ளி வண்டி... நம்மூர் பாஷையில் சொன்னால் றெக்கை முளைத்த அம்பாசிடர். ஆனால் 1956-ல் விற்பனைக்கு வந்த இந்த நான்கு இருக்கை விமானம் இதுவரை 44,000-க்கும் மேல் தயாராகியிருக்கிறது. வேறு எந்த விமானமும் இந்த எண்ணிக்கையைத் தொட்டதில்லை. வாங்கியவர்கள் எல்லாம் ஏமாளிகளா என்ன?

சொந்த ஆசைக்காகப் பறப்பவர் தினமும் பறப்பவர் அல்ல. மாதம் இரண்டு முறை பறந்தாலே பெரிய விஷயம். அவர் மறப்பார், தடுமாறுவார். அவருக்குத் தேவை தப்பை மன்னிக்கிற விமானம்.

172-ல் சக்கரங்கள் மடங்காது. அதனால் அவற்றை இறக்க மறந்து வயிற்றால் தரையிறங்கும் கதையே கிடையாது. பெட்ரோல் தொட்டிகள் இரண்டும் தலைக்கு மேலே இறக்கையில் இருக்கின்றன. வால்வை இரண்டுக்கும் பொதுவாக வைத்துவிட்டால் பெட்ரோல் தானாகக் கீழே இறங்கும். பைப்பர் செரோக்கி போன்ற தாழ்ந்த இறக்கை விமானங்களிலோ இடது, வலது என்று விமானிதான் மாற்ற வேண்டும். மறந்தால் ஒரு தொட்டி நிறைய பெட்ரோல் இருக்கும்போதே எஞ்சின் நின்றுபோகும்.

அடுத்தது அந்த 'ஆமை வேகம்'. 172 மணிக்குச் சுமார் 90 கி.மீ. வேகத்திலும் காற்றில் நிற்கும். வேகக்காரர்களின் செல்லமான சிரஸ் எஸ்.ஆர்.22-க்கு 110 கி.மீ. வேண்டும். வெறும் 20 கி.மீ.தானே என்று தோன்றும். ஆனால் மோதலின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது. எஞ்சின் செத்து வயலில் இறங்க நேர்ந்தால், எடை வித்தியாசத்தை விட்டுவிட்டாலும், ஒன்றரை மடங்கு அடி. சிரஸில் பாராசூட் இருக்கிறதே என்பார்கள். உண்மை, அருமையான ஏற்பாடு. ஆனால் அதை நேரத்தோடு இழுக்க விமானிக்குத் தோன்ற வேண்டும், கீழே போதிய உயரமும் இருக்க வேண்டும்.

வேகத்தின் விலை தெரிய வேண்டுமானால் 'வி' வடிவ வால் கொண்ட பீச்கிராஃப்ட் பொனான்சாவைப் பாருங்கள். அமெரிக்கர்கள் அதற்கு வைத்த பட்டப்பெயர் 'டாக்டர் கொல்லி'. பணம் இருந்தது, வேகமான விமானம் வாங்க முடிந்தது, பறந்து பழகத்தான் நேரம் இல்லை!

172-ஐத் தலையில் தூக்கிவைத்து ஆட வேண்டியதில்லை. நான்கு இருக்கை என்பதே பாதிப் பொய். தொட்டிகளை நிரப்பிவிட்டு 75 கிலோ ஆட்கள் நான்கு பேர் ஏறினால் எடை வரம்பு தாண்டிவிடும். புதியதன் விலை 4 லட்சம் டாலருக்கு மேல். மேகத்துக்குள் மாட்டிக்கொள்ளும் அசட்டுத் துணிச்சலை இதுவும் மன்னிக்காது.

இருந்தாலும் ஒன்றை யோசிக்க வேண்டும். வழக்குச் செலவுகளால் 1986-ல் இதன் தயாரிப்பு நின்றது. 1994-ல் அமெரிக்காவில் சட்டம் மாறியதும் 1996-ல் மீண்டும் தொடங்கியது. பத்து வருட இடைவெளி, புதிதாக ஒன்றை வரைய நல்ல சாக்கு. ஆனால் எஞ்சினையும் இருக்கைகளையும் மாற்றி அதே 172-ஐத்தான் கொண்டுவந்தார்கள்.

வேகம் வேண்டுமென்றால் ஜெட்டில் டிக்கெட் எடுக்கலாம். ஞாயிற்றுக்கிழமை விமானிக்கு முக்கியம், திங்கட்கிழமை வேலைக்குப் போவது :-)