காலக்கோடா, அலங்காரத் தோரணமா?

நம் வரலாற்று வகுப்பறைகளில் காலக்கோடு என்ற பெயரில் ஒட்டப்பட்டிருப்பவற்றுள் பல, காலக்கோடுகளே அல்ல. இதைச் சொன்னால் உடன்பணியாற்றும் ஆசிரியர் சிலர்க்குச் சினம் வருகிறது. வந்தாலும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

வழக்கமாக வரையப்படும் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 1511 போர்த்துக்கீசியர் மலாக்காவைக் கைப்பற்றியது, 1641 டச்சுக்காரர் கைப்பற்றியது, 1824 ஆங்கிலேய-டச்சு உடன்படிக்கை, 1941 ஜப்பானியர் படையெடுப்பு, 1945 ஜப்பானியர் சரணடைந்தது, 1957 விடுதலை, 1963 மலேசியா உருவாக்கம். ஏழு வண்ணப் பெட்டிகள். ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரே அளவு இடைவெளி. பார்வைக்கு அழகாகத்தான் இருக்கிறது.

ஆனால், அந்தப் படம் என்ன சொல்கிறது? முதல் இடைவெளி 130 ஆண்டு. நான்காவது இடைவெளி 4 ஆண்டு. இரண்டும் ஒரே நீளம்! போர்த்துக்கீசியர் மலாக்காவை ஆண்ட காலமும் ஜப்பானியர் ஆட்சிக்காலமும் ஏறக்குறைய ஒன்றுதான் என்று ஒரு மாணவன் எண்ணினால், குற்றம் அவனுடையதா? நாம் வரைந்ததை அவன் சரியாகவே படித்திருக்கிறான்.

கணிதப் பாடவேளையில் எண்கோடு கற்பிக்கிறோம். 4க்கும் 130க்கும் ஒரே நீளம் கொடுத்தால் சிவப்பு மையால் தவறு என்று போடுகிறோம். அடுத்த பாடவேளையில் அதே தவற்றை நாமே சுவரில் ஒட்டுகிறோம்.

இது புதிதாகக் கண்டறிய வேண்டிய நுட்பமன்று. 1765இல் இங்கிலாந்தில் ஜோசப் பிரீஸ்ட்லி, ஏறத்தாழ 2000 பேரின் வாழ்நாளைக் கோடுகளாக வரைந்து வெளியிட்டார். எல்லாக் கோடுகளுக்கும் ஒரே அளவுத்திட்டம். நீண்டு வாழ்ந்தவர்க்கு நீண்ட கோடு. யார் யார் ஒரே காலத்தவர் என்பதும் கண்ட அளவில் விளங்கும். அதன்பின் இரண்டரை நூற்றாண்டு கடந்துவிட்டது.

பெட்டிகளை வளைந்து நெளியும் பாம்பாகவும் சுருளாகவும் அடுக்குவோரும் உளர். முதல் வரி இடமிருந்து வலம். இரண்டாம் வரி வலமிருந்து இடம். இடமிருந்து வலமாகவே படித்துப் பழகிய பிள்ளை அங்கே தடுமாறாதா? 2020இல் வெளிவந்த ஓர் ஆய்வில் 192 பேரிடம் கிடைமட்டக் கோடு, செங்குத்துக் கோடு, வட்டம், சுருள் என நான்கு வடிவங்களைக் கொடுத்துச் சோதித்தனர். வடிவம் மாறும்போது விடைகாண ஆகும் நேரம் மாறியது. விடையின் சரி, தவறு மாறியதற்குச் சான்று கிட்டவில்லை. “அப்படியானால் கவலை எதற்கு?” என்பீர்கள். அரைமணி நேரப் பாடவேளையில் நேரம் சிறு பொருளா? மேலும், அவர்கள் சோதித்தது வடிவத்தை. நான் குறைகூறுவது, அதனினும் முதன்மையாக, அளவை.

“மாணவர்க்கு நிகழ்ச்சிகளின் வரிசை தெரிந்தால் போதும்” என்பது இன்னொரு மறுப்பு. வரிசையைக் காட்டத்தான் நிரலொழுங்கு வரைபடம் இருக்கிறதே! அதை அப்பெயராலேயே வழங்குங்கள். காலக்கோடு என்று பெயரிட்டால் காலம் அதில் இருக்கவேண்டும்.

“இடம் போதாது” என்பாரும் உண்டு. ஓர் ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் வைத்தால் 1511 முதல் 1963 வரை 45.2 சென்டிமீட்டர். ஒரு மணிலா அட்டையில் அடங்கிவிடும். இறுதிப் பகுதியில் நெருக்கம் வரும், உண்மை. 1941 முதல் 1963 வரை உள்ள பகுதியை மட்டும் கீழே தனிக்கோடாக, ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் என்று பெரிதாக்கி வரையலாம். அளவு மாறியதை அருகில் எழுதிவிட வேண்டும். அவ்வளவே.

ஜப்பானியர் காலம் வெறும் நான்கு மில்லிமீட்டராய்ச் சுருங்கினால் அதன் கொடுமையும் சிறுத்துவிடாதா என ஒருவர் கேட்டார். சிறுக்காது. 1942-43இல் அமைக்கப்பட்ட சயாம்-பர்மா இரயில் பாதைக்கு இந்நாட்டுத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழரின் துயரம் அந்த நான்கு மில்லிமீட்டருக்குள்தான் இருக்கிறது. இத்துணைக் குறுகிய காலத்தில் இத்துணை அழிவா என்று மாணவன் வியந்து கேட்க வேண்டும். சம இடைவெளிப் பெட்டிகள் அந்தக் கேள்வியை எழவிடுவதில்லை.

நம் பிள்ளைகள் ஆண்டுகளை ஒப்பிக்கிறார்கள். காலத்தின் நீளத்தை உணரவில்லை. அதற்கு அவர்களின் நினைவாற்றலைப் பழிப்பதை விடுவோம். அடுத்தமுறை வண்ணத்தாளை எடுக்குமுன் அளவுகோலை எடுங்கள், ஆசிரியப் பெருமக்களே!