தரங்கம்பாடியில் ஒரு நாள்

மிஷனெரிமாருடைய சரித்திரங்களை வாசிக்கும் வாலிபர் பெரும்பாலும் அவற்றிலுள்ள பெருஞ்சம்பவங்களையே நாடுகின்றனர். கப்பற்பிரயாணம், சிறைவாசம், ஆலயப் பிரதிஷ்டை, மரணம் என்னும் இவைகளே மனத்திற் பதிகின்றன. இவற்றினிடையே கழிந்த சாதாரண நாட்களை எவரும் விசாரிப்பதில்லை. ஊழியத்தின் சாரமோ அச்சாதாரண நாட்களிலேயே அடங்கியிருக்கிறதென்பது நமது அபிப்பிராயம். அதனை ஓர் உதாரணத்தால் விளக்க முயல்வோம்.

தரங்கம்பாடி, 1620ஆம் ஆண்டுமுதல் டேனியர் வசமிருந்த ஒரு சிறு கடற்கரைப் பட்டினம். அங்கே 1706ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் தேதி சீகன்பால்கு ஐயரும் புளூட்சோ ஐயரும் வந்திறங்கினர். இவர்களை அனுப்பியவர் டென்மார்க்கு அரசர் நான்காம் பிரடெரிக் என்பவர். அப்படியிருந்தும் கோட்டையதிகாரிகள் இவர்களை அன்போடு வரவேற்றாரில்லை. பாஷையோ சிறிதும் தெரியாது. சீகன்பால்கு ஐயர் ஒரு திண்ணைப்பள்ளி உபாத்தியாயரைத் தமது வீட்டிலேயே பள்ளி நடத்தும்படி வேண்டிக்கொண்டு, சிறுவரோடு தாமும் தரையிலமர்ந்து மணலில் விரலால் அகரமுதல் எழுதிப் பழகினார். அப்பொழுது அவருக்கு வயது 24.

பின்னர் அவர் தமது தினசரியை ஒரு கடிதத்தில் விவரித்திருக்கிறார். காலை 7 மணிமுதல் 8 மணிவரை முன்பு குறித்து வைத்த சொற்களையும் தொடர்களையும் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்ப்பார். 8 மணிமுதல் நண்பகல்வரை தாம் முன் வாசித்திராத தமிழ் நூல்களை வாசிப்பார். வயது முதிர்ந்த ஒரு புலவரும் ஓர் எழுத்தரும் அருகிருப்பர். புலவர் கடினமான செய்யுளைப் பேச்சு வழக்கில் விளக்க, எழுத்தர் புதிய சொற்களை உடனே எழுதிக்கொள்வார். உண்ணும்போதும் ஒருவர் வாசிக்கக் கேட்பார். பிற்பகல் 3 மணிமுதல் 5 மணிவரை மறுபடியும் வாசிப்பு. இரவு 7 மணிக்குமேல் கண்ணுக்கு வருத்தமுண்டாகாதபடி பிறரை வாசிக்கச் செய்து கேட்டிருப்பார். இப்படியே நாள்தோறும் நடந்தது. இதிலே வீரச்செயல் யாதுமில்லை. ஆனாலும் 1708இல் நூற்றுக்கு மேற்பட்ட தமிழ் நூல்களைக் குறித்த அட்டவணையும், 1715இல் அச்சேறி முடிந்த தமிழ்ப் புதிய ஏற்பாடும் இந்த நாட்களிலிருந்தே பிறந்தன. 1719ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் தமது 36ஆம் வயதிலே அவர் காலமானார்.

அவர் தமிழ் கற்றது நம் முன்னோரின் சமயத்தை மறுப்பதற்கன்றோ என்று சிலர் ஆட்சேபிக்கலாம். அவர் வந்த நோக்கம் அதுவே. அதனை மறைப்பது நேர்மையன்று. ஆயினும் நாள்தோறும் பல மணி நேரம் பிறர் சொல்லக் கேட்பவன் தான் வந்தபடியே இருக்க முடியாது. தமிழரைக் கல்வியும் ஒழுங்கும் அற்ற ஜனங்களென்று தாம் முன்னர் எண்ணியிருந்ததையும், அவர்களது நூல்களைக் கற்றபின் அவ்வெண்ணம் தவறென்று கண்டதையும் அவரே ஒப்புக்கொண்டார். இத்தேசத்துத் தெய்வங்களைக் குறித்து 1713இல் அவர் எழுதியனுப்பிய நூலை ஹாலே நகரத்துப் பெரியோர் அச்சிட மறுத்துவிட்டனர். அது 1867ஆம் ஆண்டிலேதான் சென்னையில் வெளிவந்தது. அனுப்பினோர் விரும்பியதற்கும் மேலாக அவர் கேட்டறிந்தாரென்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

மற்றொன்றும் நாம் கவனிக்கவேண்டும். அந்தப் புலவரும், எழுத்தரும், மணலில் உடனெழுதிய சிறுவரும் இல்லையேல் மேற்கூறிய நூல்களும் இல்லை. ஐயருடைய பெயர் கல்லிற் பொறிக்கப்பட்டிருக்கிறது. அவருக்குக் கற்பித்தவர்களைப் பெரும்பாலும் நாம் மறந்தோம். ஊழியஞ்செய்யப் போனவர் முதலில் ஊழியம் பெற்றுக்கொண்டார் என்பதே இவ்விருத்தாந்தத்தின் உண்மை.

இனி, பூந்தமல்லியிலுள்ள நமக்கு இதனாலாகும் பயன் யாது? நமக்கு அருகே கடலில்லை. எனினும் தூரதேசத்தார் நம்மிடம் வந்திருக்கின்றனர். அம்பத்தூரிலும் திருமழிசையிலுமுள்ள தொழிற்பேட்டைகளில் பீகார், ஒடிசா முதலிய மாகாணத்துத் தொழிலாளர் அநேகர் உழைக்கின்றனர். நமது மாணவர் சேவைக் கூட்டத்தார் அவர்களிடம் போர்வையும் உணவுப் பொட்டலமும் கொண்டுபோய்க் கொடுத்துப் புகைப்படமெடுத்துத் திரும்புகின்றனர். கொடுப்பது நல்லதே. ஆனால் போனவர்களில் எத்தனைபேர் அவர்களுடைய பாஷையில் பத்துச் சொல் அறிவர்? கூலி குறைந்ததென்றோ, கை நசுங்கியதென்றோ ஒருவன் சொன்னால் விளங்கிக்கொள்வார் யார்? விளங்காத இடத்தில் நாம் அளிப்பது பிச்சையாகுமேயன்றிச் சிநேகமாகாது.

திருக்கச்சி நம்பிகள் நமதூரிலிருந்து நாள்தோறும் காஞ்சிக்கு மலர் சுமந்து சென்றாரென்று வழங்கிவரும் வரலாற்றை நம்மூர்ச் சிறுவரும் அறிவர். ஒரே வழியில் ஒரே சுமையை நாள்தோறும் சுமப்பதே தொண்டென்பதை இவ்வூரார்க்குப் புதிதாகச் சொல்ல வேண்டுவதில்லை.

ஆகையால் நாம் ஒரு யோசனை கூறுகிறோம். சேவைக் கூட்டத்திற் சேரும் ஒவ்வொரு மாணவரும் முதல் மூன்று மாதம் ஒன்றும் கொடாமல், தொழிலாளி ஒருவரை உபாத்தியாயராகக் கொண்டு, வாரத்தில் இரண்டு மாலை அவருடைய பாஷையைக் கற்கட்டும். எழுத்துப் பிழையைக் கண்டு அவர் சிரித்தால் தாமும் சிரிக்கட்டும். கலாசாலையில் கற்றவர், கல்லாதவரெனப்படுபவர்முன் மாணாக்கராயமர்வது எளிதன்று. ஆயினும் சேவை அங்கே தொடங்கவேண்டுமென்பதே நமது துணிபு. ஆசிரியர்களும் பழைய மாணவர்களும் இதனைக் குறித்து யோசித்து, வரும் வருஷத்தில் நடைமுறைக்குக் கொண்டுவருவார்களாக.